இடதுபக்கப் பின்கதவு

இஞ்சினை அணைத்துச் சாவியை உருவிய பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. டக். முன்கதவு இரண்டும் பூட்டியிருந்தன, வலதுபக்கப் பின்கதவும் பூட்டியிருந்தது. இடதுபக்கப் பின்கதவின் லாக் பட்டன் மட்டும் கண்ணாடியோரத்துத் துளையிலிருந்து கறுப்பாக எழும்பி நின்றது. ராபின்சன் இருக்கையில் திரும்பி, கையை நீட்டி அதை அமுக்கினான். அமுங்கியது. இறங்கிக் கதவைச் சாத்தி, ரிமோட்டை அழுத்தி, நான்கும் ஒன்றாக விழுந்த சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு உறுதி செய்துகொண்டு வீட்டுப் படியில் கால் வைத்தான். பின்னால் மறுபடியும் டக்.

"நாசமாப் போற வண்டி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

மழை பிடித்த நாளிலிருந்து இதே தொல்லைதான். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு எதிரே போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறவன் அவன். பகல் முழுக்கப் பேப்பர் சிக்கும் மெஷினோடும், அவசரம் அவசரம் என்று தலைமேல் நிற்கும் குமாஸ்தாக்களோடும் மல்லுக்கட்டிவிட்டு இஞ்சிவிளை வீட்டுக்கு வந்து சேர்ந்தால், இங்கே இந்தக் கதவு. அப்பா வேதமாணிக்கம் ஓட்டிய பழைய டீசல் கார் அது. பவர் லாக் வண்டியோடு வந்ததல்ல, அப்பா பிற்பாடு கடையில் கொடுத்து மாட்டியது. வேறு எது கெட்டிருந்தாலும் விட்டுத் தொலைத்திருப்பான். ரேடியோ பாடாவிட்டால் யாரும் சாகப் போவதில்லை. கதவு அப்படியா?

ஷிஜிக்கு மாதம் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி, ஜெபமும் மருந்துமாக வெகுகாலம் காத்திருந்து உண்டான பிள்ளை. முன் இருக்கையில் வயிறு இடிக்கிறது என்று அவள் பின்னால்தான் சாய்ந்து உட்காருவாள். போன வாரம் செக்கப் முடிந்து திரும்பும்போது உதியன்குளங்கரைச் சந்திப்பில் நெரிசல். வண்டியை நிறுத்தினான். டக். முன்னால் நின்ற பஸ் நகர்ந்ததும் இவனும் எடுத்தான். எடுத்த வேகத்தில் அந்தக் கதவு அகலத் திறந்துகொண்டது. கதவில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த ஷிஜி பாதி உடம்போடு வெளியே சரிந்து, முன் இருக்கையின் முதுகை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினாள். இடதுபக்கமாக நுழைந்து வந்த பைக்குக்காரன் பிரேக் அடித்துச் சறுக்கி, கதவுக்கு ஒட்டினாற்போல் நின்றான். அவள் கத்தக்கூட இல்லை. வீடு வரும்வரை வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து ராபின்சனுக்கு ஒரே நினைப்புதான். அவளுக்கு வலி எடுப்பதற்குள் இந்தக் கதவு பூட்டினால் பூட்டியபடி நிற்க வேண்டும்.

பாறசாலை ரயில் நிலையத்துக்குத் திரும்பும் சாலையில் அகிலேஷின் கடை. வண்டிகளின் வயர் வேலை பார்க்கிறவன். வயதில் இளையவன், வாய் ஓயாதவன். இந்தக் கதவுக்குப் புது மோட்டார் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். அதனால் ராபின்சன் வண்டியை நிறுத்தும்போதே சண்டைக்குத் தயாராக இறங்கினான்.

"ஒனக்க வேல கொள்ளாம்லே அகிலேஷ். பழைய மோட்டார் இருந்தப்பம் எப்பமாவது திறக்கும். இப்பம் நிறுத்தின இடத்துலயெல்லாம் திறக்குது."

"சும்மா சொல்லாதீங்க அண்ணா. டிரைவர் கதவுல இருக்கிய மோட்டார் சொன்னாத்தான் மத்த மூணும் கேக்கும். பின்கதவுக்கு ரெண்டே வயராக்கும். அதுக்குக் கேக்கத் தெரியும், சொல்லத் தெரியாது. தன்னால அது எப்படித் திறக்கும்?"

"அதத்தான நான் ஒன்னக் கேக்கியேன்?"

அகிலேஷ் முணுமுணுத்துக்கொண்டே கதவின் உட்பக்க அட்டையை நெம்பினான். கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அட்டை விலகியதும் ஒரு நாற்றம் வந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய நாற்றமோ ரப்பர் அழுகிய நாற்றமோ அல்ல, கரையில் ஒதுங்கி வெயில் படாமல் கிடக்கும் பாசியின் நாற்றம், உப்பு நாற்றம். அகிலேஷ் மூக்கைச் சுளித்தபடி கையை உள்ளே விட்டு, அள்ளிக்கொண்டு வெளியே எடுத்தான். உள்ளங்கை நிறைய மணல். ஈரம் சொட்டியது. நடுவே உடைந்த சிப்பித் துண்டு ஒன்று கிடந்தது.

"வண்டிய கடல்ல இறக்கினியளா அண்ணா?"

"கடலா? கடைக்கும் வீட்டுக்குமாக்கும் ஓடுது."

"பின்னே இது எங்கேருந்து வந்துது? மோட்டாரப் பாருங்க. போன மாசம் நான் புதுசா கவர் பிரிச்சுப் போட்டது." புது மோட்டார் பச்சைத் துரு பூத்து, தொட்டதும் பொரிந்து உதிர்ந்தது. "இது உப்புத்தண்ணில கிடந்த சாதனமாக்கும். எனக்க மேல பழி போடாதீங்க."

மணலைக் கழுவினான். இன்னொரு மோட்டார் போட்டான். கதவுக்கு உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டினான். ராபின்சன் பக்கத்தில் நின்று சலிக்கும்வரை ரிமோட்டை அழுத்திப் பார்த்தான். நான்கும் விழுந்தன, நான்கும் எழுந்தன. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கடையில் நிற்கும்போது யோக்கியம், வீட்டுக்குப் போனதும் திருட்டுத்தனம். வீட்டு கேட்டைத் திறக்க வண்டியை நிறுத்தியபோது, மழைத் தூறலுக்கு நடுவே, வைப்பரின் முனகலுக்கு நடுவே, தெளிவாகக் கேட்டது. டக்.

அதற்குப் பிறகு அவனே இறங்கிவிட்டான். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, கார் ஷெட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கதவைக் கழற்றினான். ஃபியூஸை உருவினான், பட்டன் எழும்பியது. மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டினான், எழும்பியது. கோபம் மண்டைக்கு ஏற, பேட்டரியின் இணைப்பையே கழற்றிவிட்டான். கரண்டே இல்லாத வண்டியில் பவர் லாக் எழும்ப வழியில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பட்டன் எழும்பி நின்றது. ஷிஜி உள்ளேயிருந்து, "காப்பி ஆறுது, வாறியளா?" என்று கூப்பிட்டாள். கையிலிருந்த ஸ்பேனரை வீசி எறிந்தான். அது சுவரில் பட்டுத் தெறித்தது. அவள் பிறகு கூப்பிடவில்லை.

மறுநாள் பேட்டரியை மறுபடி மாட்டிவிட்டு, பின்கதவின் விளிம்பில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கீழே தள்ளிவிட்டான். குழந்தைகள் உள்ளேயிருந்து திறந்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிற ஏற்பாடு அது. இனி உள்ளே இருக்கிறவர் எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கதவு திறக்காது. அதைப் போட்டுவிட்டுத் தெருமுனைவரை ஓட்டிப் போய் நிறுத்தினான். டக் என்றது. சற்றுப் பொறுத்துக் கதவு திறந்துகொண்டது.

ராபின்சன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். திறந்த கதவு வழியாக மழைச்சாரல் சீட்டில் விழுந்தது. உள்ளேயிருந்து திறக்க முடியாது. அப்படியானால் வெளியேயிருந்து.

இத்தனை நாள் அவன் அதை யோசிக்கவே இல்லை. ஓடும்போது அந்தப் பட்டன் ஒரு தடவையும் எழும்பியதில்லை. நிற்கும்போதுதான் எழும்பும். கேட்டில், வேகத்தடையில், ரயில்வே கேட்டில், சந்திப்பில். நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், பஸ் நின்றதும் எட்டிக் கைப்பிடியைப் பிடிப்பதைப் போல. இறங்கிப் போய்க் கதவை மூடினான். கைப்பிடியின் உட்பக்கம் விரலில் நரநரத்தது. மணல். கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அந்த நரநரப்பு போகவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஓமனா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷிஜி கட்டிலில் படுத்திருந்தாள். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மக்கா, அப்பாவ எடுத்துட்டு வந்த அண்ணைக்கு, நான் சொல்லித் தந்தது மாதிரி விளிச்சியா?"

அவன் விரலை மறுபடி வேட்டியில் தேய்த்தான். அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது. புதைத்தது பொழியூர்ப் பக்கம், கடலை ஒட்டிய பழைய மிஷன் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில். அப்பாவின் சொந்தச் சபை அது. கடல் வருஷா வருஷம் கரையைக் கரைத்து, இந்தத் தடவை கல்லறைச் சுவரையே சாய்த்துவிட்டது. அவரவர் ஆட்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆராதனையில் அறிவித்தார்கள். மழை தொடங்கும் முன் ராபின்சன் போய் அப்பாவின் எலும்பைப் பெட்டியில் வாங்கி வந்து, இங்கே மேட்டுக் கோயிலில் அடக்கினான். அம்மாவின் குடும்பத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, போனவரைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். அவர் ஏறுகிற அளவு நேரம் நின்றுவிட்டுத் தன் கையாலேயே கதவைச் சாத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

"விளிச்சேன்," என்றான்.

"பேரு சொல்லியா?"

அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் போதகர் அங்கியோடு நின்றார், சபைக் கமிட்டிக்காரர்கள் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் காரின் கதவைத் திறந்துகொண்டு வேதமாணிக்கம் அப்பா வாருங்கோ என்று சத்தம் போட அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழிப்பக்கம் திரும்பி நின்று, உதட்டுக்குள்ளேயே, "வாருங்கோ, போவோம்," என்றான். அவ்வளவுதான். கதவைச் சாத்தினானா, போதகர் சாத்தினாரா என்பதுகூட நினைவில்லை.

ஆனால் குழி நினைவிருந்தது. குழி தோண்டுகிற எலியா இடுப்பளவு பள்ளத்தில் நின்று, அப்பாவின் எலும்பையெல்லாம் பெட்டியில் எடுத்து வைத்த பிறகும் மண்வெட்டியால் இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தான். "அடியில வேற ஆளும் கிடக்குது," என்றான். யாரென்று கேட்டதற்கு, "ஆருக்குத் தெரியும்? பண்டு போட்ட குழிக்க மேலதான பின்னயும் போடுவாவ. சொந்தக்காரங்க இருந்தா வந்து எடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தான். ராபின்சன் எட்டிப் பார்த்தான். பழுப்பு நிறத்தில் வளைவாக ஏதோ தெரிந்தது. அதற்குள் கடல் ஒரு தடவை ஏறி வந்து, சத்தமில்லாமல் குழிக்குள் இறங்கி, மணலோடு அதை மூடியது. அந்தக் குழியைப் பார்த்து நின்றுகொண்டுதான் அவன் வாருங்கோ என்று சொன்னான்.

"பேரு சொல்லாம விளிச்சா, அது ஆருக்க காதுல விழும்?" அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. "இனி ஷிஜிய அந்த வண்டில ஏத்தாண்டாம். நான் சொல்லியது கேக்குதா?"

"பெண்கள் சங்கத்துல நிண்ணு ஜெபம் பண்ணுதிய, வீட்டுல வந்து பேய்க்கத சொல்லுதிய. கதவுக்க லாக்கு கெட்டுப் போச்சு. அவ்வளவுதான்."

சத்தமாகத்தான் சொன்னான். ஆனாலும் மறுநாள் காலையிலேயே, நாலு வீடு தள்ளியிருக்கும் ஆட்டோக்கார பிரதீஷைப் பார்த்து, வலி வந்தால் எந்த நேரமானாலும் வர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான். பிரதீஷ், "அதுக்கென்ன அண்ணா, ஒரு போன் போதும்," என்றான். அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு பாரம் குறைந்தது உண்மை. அத்தோடு வண்டியை அப்படியே விட்டிருக்கலாம். அவன் சுபாவம் விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. கரண்ட் போயிருந்தது. ரப்பர் தோட்டத்துக்குள் வெளிச்சம் சீக்கிரமே செத்துவிட்டது, ஷெட்டின் தகரக் கூரையில் மழைச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ராபின்சன் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, பேட்டரியைத் தூக்கித் திண்டின்மேல் வைத்துவிட்டு, அந்தக் கதவின் அட்டையைக் கழற்றி, மோட்டாரையே பிடுங்கி வெளியே எடுத்தான். அது திண்டின்மேல் பச்சையாகக் கிடந்தது. பட்டனிலிருந்து இறங்கும் கம்பியைக் கட்டுக்கம்பியால் இறுக்கி, குறட்டால் முறுக்கி, கதவின் எலும்போடு சேர்த்துக் கட்டினான். வெறும் இரும்பு. இனி இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. கதவைச் சாத்தினான். நெற்றி வியர்வையைத் துடைத்தபோது, வெகுநாளைக்குப் பிறகு அவனுக்குச் சின்னதாகச் சிரிப்புக்கூட வந்தது.

கட்டுக்கம்பி முனகியது.

டார்ச்சைத் திருப்பினான். பட்டன் மேலே வரப் பார்த்தது. வந்தது, கம்பி இழுத்தது, இறங்கியது. மறுபடியும் வந்தது. அவசரமில்லாமல். பழகிய கை பார்த்துப் பார்த்துச் செய்கிற பொறுமையோடு. கம்பி முறுக்கவிழ்கிற சத்தம் கதவுக்குள் கேட்டது. பிறகு அறுந்தது.

டக்.

அதோடு நிற்கவில்லை. முன்பக்க இடதுகதவு, டக். வலது, டக். பின்பக்க வலது, டக். கேட்க மட்டுமே தெரிந்த கதவு சொன்னது, மற்ற மூன்றும் கேட்டன. பேட்டரி திண்டின்மேல் கிடந்தது.

பின்கதவு திறந்தது. ராபின்சன் அறைந்து சாத்தினான். திறந்தது. உதைத்துச் சாத்தினான். திறந்தது. தோளைக் கொடுத்து, முழு உடம்பையும் கொடுத்து அழுத்திப் பிடித்தான்; அது அவனைக் காலோடு நகர்த்தித் திறந்தது. சிமெண்டுத் தரையில் செருப்பு வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக அவன் தொண்டைக்கு வந்தது. கோர்ட் வாசல், பேப்பர் சிக்கும் மெஷின், அகிலேஷின் வாய், அம்மாவின் வெளிறிய முகம், வெளியே தொங்கிய ஷிஜி.

"ஏறணும்னா ஏறித் தொல!" என்று கத்தினான். "ஏறிட்டுக் கதவ அடை! எனக்க உயிர எடுக்காத!"

மழை பெய்தது.

முதலில் வண்டி சற்றே தாழ்ந்தது. இடதுபக்கம் மட்டும். பின்சீட்டின் ரெக்சின் மெல்ல மூச்சு விட்டது, யாரோ உட்கார்ந்து, நகர்ந்து, சாய்ந்துகொள்ளும்போது விடுவதைப் போல. பாசி நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது. அவன் டார்ச்சைத் திருப்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

கதவு உள்ளேயிருந்து இழுபட்டது. மெதுவாக வந்து, சத்தமில்லாமல் பொருந்தியது. பட்டன் இறங்கியது. பிறகு மற்ற மூன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகிற வழியில் அகிலேஷ் எட்டிப் பார்த்தான். நான்கு கதவையும் இழுத்துப் பார்த்தான். எல்லாம் கல்லாகப் பூட்டியிருந்தன. "கண்டியளா அண்ணா? நான் போட்ட மோட்டாராக்கும். வெறுதே எனக்க மேல பாய்ஞ்சிய," என்று சிரித்தான். ராபின்சன் திண்டைப் பார்த்தான். மோட்டார் அங்கேயே கிடந்தது.  ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. பின்சீட்டின் கண்ணாடி உட்பக்கமாக மூச்சுப் பட்டு மங்கியிருந்ததை அகிலேஷ் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான். கேட்டைத் தாண்டி இந்த வண்டி இனி போகாது என்று தீர்மானித்தான். பிரதீஷ் இருக்கிறான். பிரதீஷ் வருவான்.

மத்தியானம் சாய்ந்ததும் ஷிஜிக்கு வலி எடுத்தது.

பிரதீஷின் போன் அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தான். குழித்துறைப் பக்கம் சவாரி போனவன். ரோட்டில் தண்ணீர், ஆட்டோ பாதியில் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள், வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். ராபின்சன் குடைகூட எடுக்காமல் ரோட்டுக்கு ஓடினான். கையை ஆட்டினான், கும்பிட்டான், கெஞ்சினான். ஒரு லாரி அவன்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. வேறு ஒன்றும் வரவில்லை. வீட்டிலிருந்து ஷிஜி அலறியது மழையையும் தாண்டிக் கேட்டது. திரும்பி ஓடினான்.

வீட்டுக்குள் அம்மா ஆஸ்பத்திரிப் பையோடு அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தாள். "இப்பம் இஞ்சதான் நிண்ணா! பை எடுக்க உள்ள போனேன், வந்து பாக்கியேன், ஆளக் காணல்ல!"

ஷெட்டுக்குள் வண்டியின் பின்கண்ணாடிக்குப் பின்னால் ஷிஜியின் நீல நைட்டி தெரிந்தது.

"ஷிஜி! இறங்கு! இறங்கு பிள்ள!"

கதவை இழுத்தான். அசையவில்லை. மறுபக்கம் ஓடினான். அசையவில்லை. அம்மா கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளேயிருந்து ஷிஜியின் குரல் வலியில் விட்டுவிட்டு வந்தது. "கதவு திறந்து கிடந்துது... நீங்கதான் திறந்து வெச்சியண்ணு ஏறினேன்... சீக்கிரம் வாங்க, எனக்கு முடியல்ல..."

டக். டிரைவர் கதவின் பட்டன் எழும்பி நின்றது. அது மட்டும்.

சுத்தியலால் கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று நினைத்தான். உடைத்து? அவளை இறக்கி? எதில் கொண்டுபோவது? பேட்டரியை மாட்டிய அவசரத்தில் போல்ட் விரலைக் கிழித்தது. அவன் ஏறினான். அவனுக்குப் பின்னால் அம்மா ஏற வருவதற்குள் நான்கும் விழுந்தன. அம்மா பையோடு மழையில் கேட் வரைக்கும் கூடவே ஓடி வந்தாள். கண்ணாடியில் அவள் வாய் அசைவது தெரிந்தது.

நெடுஞ்சாலை தண்ணீராக இருந்தது. ஹெட்லைட்டில் மழைக் கோடுகள் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஷிஜி புலம்பிக்கொண்டே வந்தாள். உதியன்குளங்கரை தாண்டியதும் புலம்பல் நின்றது.

"ஷிஜி?"

ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினான்.

"ஷிஜி, வலி எப்படி இருக்கு?"

"நின்னு போச்சு," என்றாள். தூக்கம் கலந்த குரல். "பைய போங்க. இவியளுக்க மடி நல்ல குளிர்ச்சியா இருக்கு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான். அமரவிளைப் பாலத்தின்மேல் போகும்போது கீழே ஆறு இரைந்தது. வண்டிக்குள் இன்னொரு இரைச்சல் கேட்டது. சின்னதாக, தாளத்தோடு. அலை ஏறி, இறங்குகிற சத்தம். அது ஒரு தாலாட்டு மாதிரி இருந்தது. அவன் ஜெபம் சொல்லப் பார்த்தான். பரமண்டலங்களிலிருக்கிற என்ற முதல் சொல்லுக்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசல். வெளிச்சம். மனிதர்கள். ஹாரனை விடாமல் அழுத்தினான். ஒரு நர்ஸும் இரண்டு அட்டெண்டர்களும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். கதவை இழுத்தார்கள். "டோர் துறக்கு!" என்று கத்தினார்கள். அவன் தன் பட்டனைப் பிடித்து மேலே இழுத்தான். விரல் விலகியதும் விழுந்தது. இழுத்தான். விழுந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இழுத்தான். விழுந்தது. வெளியே ஒருவன் பின்கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்தான். பார்த்தவன் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். நர்ஸும் ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டாள். யாரும் கதவை இழுக்கவில்லை.

ராபின்சன் திரும்பினான்.

ஷிஜி சீட்டில் நீட்டிப் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் நோவு இல்லை. தலை சீட்டைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், தலையணைமேல் கிடப்பதைப் போல் கிடந்தது. நெற்றியில் விழுந்த முடி ஒரு கற்றையாக விலகி, காதுக்குப் பின்னால் போனது. இன்னொரு கற்றை. போன வழியெல்லாம் ஈர மணல் ஒட்டியிருந்தது.

பிறகு வயிற்றின்மேல் நீல நைட்டி அமுங்கியது. விரித்த கையின் அளவுக்கு. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. உள்ளேயிருந்து பிள்ளை அந்தக் கைக்கு நேராக வந்து முட்டியது. கை நகர்ந்து வேறு இடத்தில் அமுங்கியது. பிள்ளை அங்கேயும் வந்து முட்டியது.